மரக்காணம் வந்தால் ஆட்டத்தில் இல்லை!

"காலைப் பார்த்து வை, மருந்தை மிதிச்சிடாதே!"

மரக்காணத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டுக்குள் நுழைந்ததும் எனக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். குனிந்து பார்த்தால் கால் வைக்க இடமில்லை. விரித்த செய்தித்தாள் மேல் காலிக் கேப்ஸ்யூல்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. மூடிகள் ஒரு பக்கம், அடிக்குழல்கள் ஒரு பக்கம். மிக்ஸி ஜாரில் நைசாக அரைத்த உப்பு, டபராவில் அரிசி மாவு. பழுப்பு உறைகள், பசை, ரப்பர் ஸ்டாம்ப். கிரைண்டர் மேல் சாய்த்து வைத்த இரண்டு வெள்ளைப் பெட்டிகள். நடுவில் சம்மணம் போட்டு, கண்ணாடி நுனிமூக்குக்கு இறங்கியதுகூடத் தெரியாமல், ஒரு சிட்டிகை மாவு கூடினாலும் தட்டிக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தார் அக்கா.

அக்கா கனடாவில் பல குளிர்காலங்கள் மருந்துப் பரிசோதனைகளில் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். அதிலும் குளிர்காலம் வந்தால் மட்டும் வந்து, வசந்தம் வந்ததும் போய்விடுகிற மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்துப் பார்க்கும் பரிசோதனைகள். இப்போது ஊரோடு வந்துவிட்டார். மறுநாள் புதுச்சேரியில் மாணவர்களுக்கு வகுப்பு. "பாடம் நடத்தினா தூங்கிடுவாங்க. விளையாட விட்டா மறக்க மாட்டாங்க" என்று ஒரு பரிசோதனையையே பொய்யாகக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். பொய் மருந்து, பொய் விளக்கு, மாணவர்களே பொய் நோயாளிகள்.

சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கிப் போகிற நமக்கு, 'இது வேலை செய்கிறது' என்று அந்த மாத்திரையைப் பற்றி ஒருவர் சொல்வதற்கு முன்னால் நடக்கும் கூத்தை யார் காட்டப் போகிறார்கள்? கெஞ்சிக் கூத்தாடி உள்ளே புகுந்துவிட்டேன். வாருங்கள், நீங்களும் ஓரமாக உட்காருங்கள். கேப்ஸ்யூலை மட்டும் மிதிக்காதீர்கள்.

"முதல்ல நோவு என்னன்னு தெரிஞ்சுக்கோ" என்று ஒரு கைப்பிடி மூடிகளை என் பக்கம் தள்ளினார் அக்கா. சும்மா உட்கார விடமாட்டார் போலிருக்கிறது.

நார்மன் ரோசந்தால் என்று ஒரு மனநல மருத்துவர். வெயில் ஊரான ஜோஹன்னஸ்பர்க்கில் வளர்ந்தவர், 1976இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். குளிர்காலம் வந்ததும் துவண்டார், வசந்தம் வந்ததும் தேறினார். ஏன் என்று அப்போது பிடிபடவில்லை. பிறகு பெதஸ்டாவில் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே ஹெர்ப் கெர்ன் என்ற எஞ்சினியர், தன் மனம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த குறிப்புகளோடு வந்து நின்றார். பகல் குறையக் குறைய ஆளும் குறைந்துகொண்டே வருவது அந்தக் குறிப்புகளில் தெரிந்தது. பிரகாசமான விளக்கின் முன் அவரை உட்கார வைத்துப் பார்த்தார்கள். தேறினார். இதே கதையைச் சொன்ன 29 பேரை ஆராய்ந்து, 1984இல் ரோசந்தால் குழு இந்த நோய்க்குப் பெயர் சூட்டியது.

வழக்கமான மனச்சோர்வில் தூக்கம் போய்விடும், சாப்பாடு இறங்காது. இது தலைகீழ். விடிந்தும் எழுந்திருக்க முடியாது, உடம்பு கனக்கும், கை தானாக ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் இனிப்புக்கும் போகும், எடை ஏறும். அதனால் மாக்ஸ் ஹாமில்டன் 1960இல் போட்ட பழைய கேள்வித்தாள் போதவில்லை. அதன் 21 கேள்விகளோடு இந்த நோவுக்கென்றே 8 கேள்விகளைச் சேர்த்து 29 ஆக்கினார்கள்.

அக்கா அந்த எட்டை வாசிக்க வாசிக்க, கதவோரம் கால் நீட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுந்துக்க மனசு வரல, சோறு ரெண்டு பங்கு இறங்குது, உடம்பு கனக்குது... ஏண்டி, மார்கழி பொறந்தா எனக்கு இதெல்லாம் இருக்குதே!"

"உனக்கு இருக்கறது வெண்பொங்கல், ஆயா."

கேப்ஸ்யூல் அடைப்பது பார்க்கத்தான் சுலபம். அடிக்குழலை விரலிடுக்கில் நிறுத்தி, பல்குத்தும் குச்சியால் மாவைத் தள்ளி, மூடியைப் போட்டு 'டிக்' என்று அழுத்த வேண்டும். நான் அழுத்தியதில் பாதி நசுங்கியது. இதில் இன்னொரு சிக்கல் வந்தது. உப்பு கனம், அரிசி மாவு லேசு. இரண்டு டப்பாவையும் கையில் தூக்கினாலே எது எது என்று தெரிந்துவிடும். அக்கா நகைக்கடைத் தராசு ஒன்றை எடுத்து வைத்து, உப்பில் மாவைக் கலந்து கலந்து எடையைக் கிட்டத்தட்டச் சமன் செய்தார். வியர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது, மின்விசிறி போடக் கூடாது, போட்டால் மருந்து பறந்துவிடும்.

உண்மையான பரிசோதனையிலும் இதே பாடுதான். ஒரு மாத்திரை மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் இரண்டையும் ஒளி புகாத ஒரே நிறக் கேப்ஸ்யூலுக்குள் ஒளித்து, மீதி இடத்தை ஒன்றும் செய்யாத பொடியால் நிரப்புவார்கள். மருந்து இருப்பதும் இல்லாததும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். கண்ணுக்கு மட்டும் போதாது. இந்த நோவுக்குக் கொடுக்கும் புப்ரோபியான் மாத்திரைக்கு ஒரு வாடை உண்டு. டப்பாவைத் திறந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். "மருந்தில்லாத டப்பாவுக்கும் அதே நாத்தம் வேணும். நாத்தத்துக்கு எங்க போறது சொல்லு?"

இந்த இடத்தில் ஆயா ஒரு கேப்ஸ்யூலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது சைவமா, அசைவமா?"

அக்கா வேலையை நிறுத்திவிட்டார். "ஆயா, நாளைக்கு நீயும் வகுப்புக்கு வா. இந்தக் கேள்வியைக் கேக்கறவங்க நம்ம ஊர்ல எத்தனை பேரு தெரியுமா?" பெரும்பாலான கேப்ஸ்யூல் கூடுகள் ஜெலட்டினால் ஆனவை, அதாவது விலங்குகளின் தோலும் எலும்பும். தாவரச் சத்தில் செய்தவையும் கிடைக்கின்றன. அக்கா வாங்கி வந்தது அதுதான். ஆயா சமாதானமாகிக் கீரைக்குத் திரும்பினார்.

பெரிய விபத்து பதினோரு மணிக்கு நடந்தது.

பக்கத்து வீட்டுப் பையன், மூன்றாம் வகுப்பு, ஓடி வந்தான். எண் போட்டு ஒட்டி வைத்த உறைகளில் ஒன்றைத் திறந்தான். கேப்ஸ்யூலை எடுத்தான். நக்கினான். "ஐயே, உப்பு!" இன்னொரு உறை. நக்கினான். "இது சப்புனு இருக்கு." மூன்றாவது உறைக்கு அவன் கை நீள்வதற்குள் அக்கா பாய்ந்து பிடித்தார். காலையிலிருந்து கட்டிய ரகசியம் ஒரு நாக்கில் போயிற்று. கேப்ஸ்யூலின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த உப்புத் தூள் காட்டிக் கொடுத்துவிட்டது.

நான் பதறினேன். அக்காவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "இதையே பெரிய பெரிய ஆளுங்க செஞ்சிருக்காங்க!"

கதை உண்மை. 1970களில், அதே பெதஸ்டா வளாகத்தில், வைட்டமின் சி சளியைத் தடுக்கிறதா என்று பார்க்க ஊழியர்கள் 311 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்கு வைட்டமின், சிலருக்கு லாக்டோஸ் பொடி. படித்தவர்கள், அறிவியல் நிறுவனத்திலேயே வேலை பார்ப்பவர்கள். என்ன செய்தார்கள்? கேப்ஸ்யூலைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஒன்று புளிக்கும், ஒன்று இனிக்கும். தனக்குக் கிடைத்தது என்னவென்று சரியாக ஊகித்தவர்களிடம்தான் வைட்டமினின் 'பலன்' தெரிந்தது. 1975இல் வெளியான அந்த அறிக்கை இன்றும் மருந்துப் பரிசோதனைக்காரர்களின் பயமுறுத்தும் கதை. வெறும் சளிக்கே இப்படி என்றால், மனம் சம்பந்தப்பட்ட நோய்க்கு, நம்பிக்கையே பாதி மருந்தாக வேலை செய்யும் நோய்க்கு, சொல்லவே வேண்டாம்.

பையனுக்கு ஒரு கமர்கட்டு கொடுத்து வெளியே அனுப்பினோம். எல்லாக் கேப்ஸ்யூலையும் ஈரத்துணியால் துடைத்தோம். துடைத்தது நான்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

அடுத்து அந்த வெள்ளைப் பெட்டிகள். ஒன்றைச் சொருகியதும் பின்கட்டே கல்யாண மண்டபமாகிவிட்டது. குளிர்கால மனச்சோர்வுக்கான விளக்கு. காலையில் எழுந்த கையோடு அரை மணி நேரம் இதன் முன் உட்கார வேண்டும், வெளிச்சம் 10,000 லக்ஸ். இரண்டாவது பெட்டியும் பார்க்க அச்சு அசலாக அதே, உள்ளே வடிகட்டித் தாள் வைத்து வெளிச்சத்தை வெறும் 100 லக்ஸுக்கு இறக்கியிருந்தது.

ரேமண்ட் லாம் என்ற கனடிய மருத்துவர் தலைமையில் நான்கு மையங்களில் 96 பேரை வைத்து நடந்த பரிசோதனை ஒன்று 2006இல் வெளியானது. அங்கேயும் இந்த இரட்டை ஏமாற்றுதான். பாதிப்பேருக்குப் பளிச்சென்ற விளக்கும் வெற்றுக் கேப்ஸ்யூலும். மீதிப்பேருக்கு மங்கல் விளக்கும், 20 மில்லிகிராம் ஃபுளுவாக்ஸெட்டின் உள்ள கேப்ஸ்யூலும். எல்லோரும் விளக்கு முன் உட்கார்ந்தார்கள், எல்லோரும் கேப்ஸ்யூல் விழுங்கினார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 67 சதவீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். டிரா! விளக்கு மட்டும் முதல் வாரத்திலேயே கொஞ்சம் முந்திக்கொண்டது.

அதற்கு முன் 1998இல் சிகாகோவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் வேடிக்கை. காற்றில் அயனிகளை விடும் கருவி என்று ஒன்றைக் கொடுத்து, அதன் முன் தினமும் காலையில் உட்காரச் சொன்னார்கள். கருவி செயலிழக்கச் செய்யப்பட்டது, ஒன்றையும் விடவில்லை. உண்மையான விளக்கின் முன் உட்கார்ந்தவர்களுக்கும் இவர்களுக்கும் மூன்று வாரம்வரை பெரிய வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம்தான் விளக்கு முந்தியது. தினம் எழுந்து, முகம் கழுவி, 'எனக்கு ஏதோ நடக்கிறது' என்று உட்கார்வதே ஆளைத் தூக்கி நிறுத்துகிறது.

"அதுக்குத்தான் நான் விளக்கு ஏத்தி உக்காருறேன்" என்றார் ஆயா, சாமி அலமாரியைக் காட்டி. பதில் சொல்ல எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மாத்திரைப் பக்கமும் தோல்விகள் இல்லாமல் இல்லை. இருட்டில் உடம்பு சுரக்கும் மெலட்டோனின்தான் குற்றவாளி என்று ஆரம்பத்தில் ரோசந்தால் குழு நினைத்தது. அதை அடக்க, இரத்த அழுத்தத்துக்குப் போடும் அட்டினலாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. "அட்டினலாலா? நான் பத்து வருஷமா அதைத்தானே முழுங்கறேன்!" மறுபடி ஆயா. இந்த வீட்டில் மருத்துவ வரலாறே ஆயாவைச் சுற்றித்தான் ஓடுகிறது.

சீட்டுக் குலுக்கும் படலம் வந்தது. யாருக்கு உப்பு, யாருக்கு மாவு என்று அக்காவுக்கே தெரியக் கூடாது. எண்களை ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி நான் எடுத்தேன், பட்டியல் எழுதினேன், உறையிலிட்டு ஒட்டினேன். பட்டியலை யாரிடம் கொடுப்பது? படிக்கத் தெரியாத, யார் கேட்டாலும் கொடுக்காத ஆள் வேண்டும். ஆயா அதை வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்து, மேலே உட்கார்ந்துகொண்டார்.

உறை ஒட்டுகிற இடைவேளையில் அக்கா கனடாக் கதைகளை அவிழ்த்துவிட்டார். நோயாளிகள் மிச்ச மாத்திரையோடு டப்பாவைத் திருப்பித் தர வேண்டும். தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார்கள். கணக்கு அச்சாகச் சரியாக இருந்தால்தான் சந்தேகமாம். வண்டி நிறுத்துமிடத்திலேயே மிச்சத்தைக் கொட்டிவிட்டு மேலே வருபவர்கள் உண்டு. கேள்வி கேட்டு மதிப்பெண் போடுபவருக்கு, எதிரில் இருப்பவர் எந்தக் கோஷ்டி என்று தெரியவே கூடாது. "வர்றவங்க கிட்ட வாசல்லயே சொல்லி அனுப்புவோம், உள்ள போய் மாத்திரையைப் பத்திப் பேசாதீங்கன்னு. உள்ள போனதும் முதல் வார்த்தை, 'அந்த மாத்திரை போட்டதுலேர்ந்து வாய் வறண்டு போவுது டாக்டர்!' அவ்வளவுதான். எழுந்து போயி, வேற ஆளை உக்கார வைக்கணும்."

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய வில்லன் வசந்தகாலம். யோசித்துப் பாருங்கள்: மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மார்ச், ஏப்ரல் வந்தால் நோய் தானே ஓடிவிடும். அதற்குள் மருந்து தன் வேலையைக் காட்ட வேண்டும். ஆள் பிடித்து, இரத்தம் எடுத்து, கையெழுத்து வாங்கி, எட்டு வாரம் மாத்திரை கொடுத்து முடிப்பதற்குள் வெளியே பனி உருகத் தொடங்கிவிடும். அந்த ஆண்டுக்கு ஆட்டம் முடிந்தது. மறுபடி அடுத்த குளிர்காலம்.

புப்ரோபியான்காரர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். புப்ரோபியான், நாரிமன் மேத்தா என்ற வேதியியலாளர் 1969இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் உருவாக்கிய மருந்து. பெயரிலேயே பம்பாய் வாசம் அடிக்கிறது. வலிப்பு வருகிறதென்று 1986இல் சந்தையிலிருந்து எடுத்து, அளவைக் குறைத்து 1989இல் மறுபடி விட்டார்கள். நோய் வந்தபின் துரத்துவானேன், வருமுன் தடுத்தால் என்ன என்று இலையுதிர்காலத்திலேயே, ஆள் நன்றாக இருக்கும்போதே மாத்திரையை ஆரம்பித்தார்கள். மூன்று ஆய்வுகள், மொத்தம் 1042 பேர், வசந்தம் வந்ததும் நிறுத்தம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 28 பேர் அந்தக் குளிர்காலத்தில் விழுந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 16 பேர். 2006 ஜூனில் அமெரிக்காவில் குளிர்கால மனச்சோர்வைத் தடுக்க என்றே அனுமதி கிடைத்தது. எனக்கு அந்த 28ஐவிட மீதி 72 பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் விழுந்து பழகியவர்கள், மாவுருண்டையை விழுங்கிவிட்டு அந்த ஆண்டு நின்றுவிட்டார்கள்! யாரோ அவ்வப்போது கூப்பிட்டு 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் யார்தான் நிமிர மாட்டார்கள்?

"இன்னொரு விதி இருக்கு" என்றார் அக்கா, கடைசி உறையை ஒட்டியபடி. "நடுவுல தெற்கே டூர் போகக் கூடாது. வெயில் ஊருக்கு ஒரு வாரம் போய்ட்டு வந்தா ஆளு தேறிடுவாங்க, கணக்கு கெட்டுடும். லாம் ஆய்வுலயே அப்படிப்பட்டவங்களைச் சேர்க்கல. நம்ம ஊர்க்காரங்க டிசம்பர்ல கல்யாணம் காட்சின்னு டிக்கெட் எடுப்பாங்க இல்ல? மரக்காணம் வந்தா ஆட்டத்துல இல்ல!"

சாப்பாட்டுக்குப் பிறகு லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினோம். மாணவர்களுக்குக் காட்ட அக்காவுக்கு எண்கள் வேண்டும். பின்கட்டில், டியூப்லைட் அடியில், 180. அந்த அறையில் அவ்வளவு வெளிச்சம் இருந்ததாக நினைத்தேனே!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் போகும்போது நாம் பார்ப்பது ஓரத்தில் கீற்று மூடிய வெள்ளைக் குவியல்கள்தான். உள்ளே இறங்கினால் வேறு உலகம். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் கட்டம் கட்டமாகப் பாத்திகள். மார்கழிக் கடைசி என்பதால் உப்பு இல்லை, பாத்தி முழுக்க மழைத் தண்ணீரும் சேறும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, முழங்கால்வரை சேறு என்று பெண்கள் வரப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். சேற்றை வாரி, தரையை மிதித்து மிதித்து இறுக்கினால்தான் தையில் உப்புநீர் விட முடியும். மிதிக்கிற தாளத்துக்கு யாரோ யாரையோ கிண்டல் செய்ய, பாத்தி பாத்தியாகச் சிரிப்பு பரவியது.

வானம் மூடிக்கிடந்தது. அக்கா மீட்டரை நீட்டினார்: 14,000. அந்த விலையுயர்ந்த வெள்ளைப் பெட்டியைவிட அதிகம், மேகத்தடியில், இலவசமாக! நான் துள்ளிக் குதித்ததில் வரப்பு வழுக்கியது. கொஞ்ச நேரத்தில் மேகம் விலக, எண் தாறுமாறாக ஏறி 90,000ஐத் தொட்டது. தண்ணீரிலிருந்து எதிரொளி வேறு. கண்ணைத் திறக்க முடியவில்லை. இந்த ஊரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. லண்டனில் எட்டு மணி நேரம்கூட இல்லை.

"இன்னா கண்ணு அது, மழை வருமான்னு பாக்குற மிஷினா?" என்று ஓர் அம்மா வந்து நின்றார். அக்காவுக்குப் பொறி தட்டியது. பருவத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பைக் கேட்கும் தாள் ஒன்று உண்டு, 1980களில் ரோசந்தால் குழு போட்டது. தூக்கம், நாலு பேரோடு பழகுவது, மனநிலை, எடை, பசி, சுறுசுறுப்பு என்று ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண்வரை. அதைத் தமிழில் பேசிப் பழகிப் பார்க்க வேண்டும். "இது வெறும் ஒத்திகைம்மா. மாத்திரை கீத்திரை ஒண்ணும் இல்ல. முடிஞ்சதும் இந்தப் பேப்பரைக் கிழிச்சிடுவேன். வேணாம்னா வேணாம்." விளையாட்டிலும் சம்மதம் கேட்காமல் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த அம்மா வரப்பில் சப்பென்று உட்கார்ந்தார். சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"எந்த மாசம் மனசு ரொம்ப எறங்கிப் போவும்?"

"ஐப்பசி, கார்த்திகை, மார்கழி."

"அப்ப தூக்கம்?"

"அதிகந்தான். எழுந்து என்ன செய்யிறது?"

"எந்த மாசம் நல்லா இருக்கும்?"

"பங்குனி, சித்திரை. வெயில் கொளுத்தும், உப்பு வெளையும்."

அக்கா கூட்டிப் பார்த்தார். 24க்கு 16. தாளின் கணக்குப்படி 11ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய ஆள். குளிரில் துவண்டு வெயிலில் மலரும் அச்சு அசல் குளிர்கால நோயாளி, 90,000 லக்ஸ் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் எதிரில்!

"ஏம்மா மழைக்காலத்துல அப்படி?" இது தாளில் இல்லாத கேள்வி.

"மழை வந்தா அளம் மூடிடும். அளம் மூடினா கூலி ஏது? வெளிச்சம் எங்களுக்குப் போதும் கண்ணு, வேலைதான் போதல." சுற்றி நின்றவர்கள் 'அதச் சொல்லு' என்றார்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் உற்பத்தி நின்றுவிடும். அந்த நாட்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கு ஐயாயிரம்.

அக்கா சொன்னபடி பேப்பரைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். என்னைக் கேட்டால் நாளை வகுப்பில் காட்ட வேண்டியது அந்த 16தான். எந்த மாதம் என்று தாளுக்குக் கேட்கத் தெரிகிறது, ஏன் என்று கேட்கத் தெரியவில்லை. இப்படி ஒரு தாளை மட்டும் நம்பி மருந்துப் பரிசோதனைக்கு ஆள் சேர்த்தால் கூலியில்லாதவருக்கும் புப்ரோபியான் எழுதிவிடுவோம்.

திரும்பும் வழியில் அக்கா இன்னொரு கதை சொன்னார். நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளுக்கு 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் வேலைக்குப் போனார்கள். இரண்டு மாதம் சூரியனே எழாத ஊர்கள் அவை. உடம்பு வலி, அசதி என்று வந்தார்கள், டாக்டருக்கு நோய் பிடிபடவில்லை. ஆன் சிக்ஃபிரிட் குரோன்செத் என்ற மானுடவியலாளர் அவர்களோடு தங்கி ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார். இருட்டோடு அவர் நிறுத்தவில்லை. சொந்தபந்தம், கோயில், ஊர்க்கூட்டம் இல்லாமல் போன வாழ்க்கையைத்தான் அதிகம் பேசுகிறார். அதை எந்தக் கேப்ஸ்யூலுக்குள் அடைப்பது என்று அக்கா கேட்டார், நான் வண்டியை ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் ஆயா அரிசி டிரம் மேலிருந்து இன்னும் இறங்கவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு அரிசி எடுக்கவும் விடவில்லை. கடையில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம்.

பார்த்தாயிற்று அல்லவா? இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளையோ பேத்தியோ டொரன்டோவிலோ ஒஸ்லோவிலோ இருந்து, ஒவ்வொரு டிசம்பரும் போனில் குரல் தேய்ந்து, மார்ச்சில் பழையபடி கலகலக்கிறது என்றால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். ஆவணி, புரட்டாசியிலேயே அங்குள்ள டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூன்று புப்ரோபியான் ஆய்வுகளிலும் மாத்திரையைத் தொடங்கியது இலையுதிர்காலத்தில்தான். கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற சரக்கு இது இல்லை, வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. இங்கே இருப்பவர்களுக்கு, எந்த மாதத்தில் மனம் துவண்டாலும், டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.